மிச்சமிருந்த ஒன்பது தாள்கள்

கல்யாணப் பத்திரிகையை நீட்டினால், மாப்பிள்ளை யார் பெண் யார் என்று பார்ப்பதற்கு முன்னால் அதன் மூலையை மடித்து மடித்துப் பார்க்கிற மனுஷனை எங்கேயாவது கண்டதுண்டா? அலுவலகத்தில் அவருக்கு 'மடிப்பு சார்' என்றே பெயர். தாள் பரிசோதனைக் கூடத்தில் இருபத்தாறு வருஷ உத்தியோகம். பதிவேடுகளுக்கு வரும் தாளை முதலில் ஓரம் வெட்டி எறிவார். ஓரத்தை நம்பக் கூடாது என்பது அங்கே வேதவாக்கு. மிச்சத்தைப் பட்டை பட்டையாக நறுக்கி, பாதியைச் சூட்டுப்பெட்டியில் வேகவைத்து, பல வருஷம் பழசானது போலக் கிழடாக்குவார். பிறகு இயந்திரம் ஒவ்வொரு பட்டையையும் இப்படியும் அப்படியும் மடிக்கும். எத்தனையாவது மடிப்பில் அறுந்தது என்று எழுதிக்கொள்வார். சோதனைக்குப் போன தாள் திரும்பி வராது.

வீட்டிலும் ஒரு தாள் இருந்தது. விடுதியில் தங்கிப் படித்த மகள் நோட்டிலிருந்து கிழித்து எழுதிய கடிதம். 'அம்மா, வெள்ளிக்கிழமை வரேன். அப்பாகிட்ட சொல்லு, செருப்பு அறுந்துபோச்சு.' வியாழக்கிழமையே காய்ச்சல் அவளைக் கொண்டுபோய்விட்டது. இரண்டு வருஷமாக ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மனைவி அதைப் பிரித்துப் படித்து, நாலாக மடித்துத் தலையணைக்கடியில் வைக்கிறாள். ஒவ்வொரு மடிப்பும் தாளைக் கொஞ்சம் தின்கிறது என்று அவருக்குத் தெரியும். படிக்காதே என்று எந்த வாயால் சொல்வது?

போன மாதம் மடிப்பின் நடுவில் வெளிச்சம் தெரிந்தது. அதற்கு மேல் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. மகளின் பெட்டியில் அதே நோட்டு இருந்தது. கடைசியில் ஒன்பது தாள் எழுதாமல் மிச்சம். ஒன்று போதாதா என்று நமக்குத் தோன்றும். அரைகுறைச் சோதனை செய்தால் அவருக்குச் சோறு இறங்காது. ஒன்பதையும் கிழித்துக்கொண்டு போனார்.

முடிவு வந்த வெள்ளிக்கிழமை மாலை வீடு திரும்பியபோது, மனைவி நோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"தாளெல்லாம் எங்கங்க?"

"கடுதாசி எவ்வளவு நாள் தாங்கும்னு பாக்கலாம்னு... ஆபீசுக்கு எடுத்துட்டுப் போனேன்."

"ஒன்பதையுமா?"

"நிறைய பட்டை இருந்தாத்தான் சரியா வரும்மா."

"மூலையில தேதி போட்டு வெச்சிருந்தாளே, பாத்தீங்களா? லீவுக்கு வந்தா ஒரு நாளைக்கு ஒரு தாள் எழுதணும்னு. ஒன்பது நாளுக்கும் பொடி எழுத்துல போட்டிருந்தா."

அவர் பார்க்கவில்லை. ஓரங்களைத்தான் முதலில் வெட்டிக் குப்பைக் கூடையில் போட்டிருந்தார். கூடையை அன்றைக்கே கொட்டியாயிற்று. திட்டியிருந்தாலாவது தேவலை. அவள் திட்டவில்லை.

"சரி, எவ்வளவு தாங்குமாம்?"

"கடுதாசி மாதிரியே நூறு தடவை மடிச்சு, வேகவெச்சதுல இன்னும் மூணு."

"மூணு வருஷமா?"

"மூணு மடிப்பு."

அவள் நோட்டை மூடிக் கீழே வைத்தாள். பிறகு தலையணைக்கடியிலிருந்து கடிதத்தை எடுத்துப் பிரித்தாள், படித்தாள், நாலாக மடித்தாள். 'ஒன்று' என்று அவர் மனதுக்குள் எண்ணினார்.