அப்பா துடைத்த ஓடுகள்

புது மண்சட்டியில் கஞ்சித் தண்ணீர் கொதிக்கும் வாசனை இன்று என்னைப் சிறுவயதில் வாழ்ந்த பிரிக்பீல்ட்ஸ் வீட்டுக்கு இழுத்துப் போயிற்று.

ரயில்வேயில் கிராணியாகக் கணக்கெழுதிக்கொண்டிருந்த அப்பா, நாற்பது வயதில் தொல்பொருள் படிக்க மதராஸுக்குப் புறப்பட்டார். அதற்கு வெகுநாள் முன்பிருந்தே, ஆற்றங்கரையில் பொறுக்கிய பானை ஓடுகளைத் தினமும் தன் தோள் துண்டால் துடைப்பார். என் முகத்தை அந்தத் துண்டு ஒருநாளும் தொட்டதில்லை. எனக்கு வயிறு எரியும். அம்மாவுக்கு இன்னும் அதிகம்.

"என் சக்களத்திங்களும் கப்பல் ஏறுறாளுங்களா?" அம்மா ஓடுகளைக் காட்டிக் கேட்டாள்.

"ரெண்டாயிரம் வயசுக் கெழவிங்க, புள்ள. அவங்க மேலயா பொறாமை?"

அம்மா ஓடுகளையும் உள்ளே வைத்துப் பெட்டியைக் கட்டினாள்.

கிள்ளான் துறைமுகத்தில் அப்பா படியேறும்போதுதான் சொன்னாள்:

"அந்த ஓடுங்களோட நம்ம ஒடஞ்ச மீன்சட்டிச் சில்லும் ஒண்ணு கெடக்கு. படிச்சு முடிச்சு, எதுன்னு கண்டுபிடிச்சு எடுத்துக்கிட்டு வீட்டுக்கு வாங்க."