கறுப்புத் துணி கட்டிய வண்டி

உதியன்குளங்கரை முக்கில் எல்லாக் கடைகளும் ஷட்டர் இறக்கிக் கிடக்கின்றன. ஹர்த்தால், சாயங்காலம்வரை வண்டிகள் ஓடக்கூடாதாம். விமான நிலையத்திலிருந்து வந்த எங்கள் டாக்சியைக் காலையிலேயே இங்கே ஓரங்கட்டச் சொல்லிவிட்டார்கள். பினாங்கிலிருந்து வருகிற எனக்கு இதெல்லாம் புதிது. ஊரே சாலையை மறிக்கும்போது வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பதுதான் மரியாதை என்று நினைத்து, எதற்காகப் போகிறேன் என்று டிரைவரிடம்கூடச் சொல்லவில்லை.

இப்போது பொழியூரிலிருந்து அந்தோணியின் மகள் கூப்பிடுகிறாள். பினாங்கில் என்னோடு ஒரே கடையில் சமைத்தவன் அந்தோணி.

"மாமா, இனியும் வச்சிருக்க முடியல்ல. அப்பாவ அடக்கியாச்சு."

மறியல்காரர்களில் ஒருவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஜன்னலருகே குனிகிறார்.

"எங்க போவணும் அண்ணே?"

"பொழியூருக்கு. கூட்டாளி இறந்துட்டான்."

"அத நேரத்தே சொல்லப்பிடாதா? மரணத்துக்குப் போற வண்டிய இங்க ஆரும் தடுக்க மாட்டாவ. முன்னால ஒரு கறுத்த துணி கெட்டினா போதுமாக்கும்."

அடக்கம் முடிந்துவிட்டது என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கம்பத்தில் கட்டியிருந்த கறுப்புக் கொடியை அவரே அவிழ்த்து வந்து வண்டியின் முன்னால் கட்டுகிறார்.

வண்டி கிளம்புகிறது. முக்குக்கு முக்கு மறித்து நிற்கிற ஆட்கள் துணியைக் கண்டதும் விலகி, மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டு நிற்கிறார்கள். பொழியூர்வரை யாரும் எங்களை நிறுத்தவில்லை. காலையிலும் நிறுத்தியிருக்க மாட்டார்கள்.