சம்பந்தியம்மா கொடுத்த ஊசி

என் மகளின் மாமியார் கோபியிலிருந்து வந்தால் வெறுங்கையோடு வரமாட்டார். அன்றைக்குப் பலகாரத்துக்குப் பதிலாக, உடம்பு இளைக்கிற ஊசி கொண்டுவந்திருந்தார். பார்க்கப் பேனா மாதிரி இருந்தது.

"தெரிஞ்சவங்க மூலமா வாங்குனதுங்க. நாளைக்கு நானும் போட்டுக்கப் போறேன்."

பில் எங்கே, டாக்டர் சீட்டு எங்கே என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஒரு கத்தரிக்காய் சொத்தை என்றாலே கடைக்காரரிடம் சண்டைக்கு நிற்பவள் நான். ஆனால், பெண் கொடுத்த இடத்தில் பில் கேட்க முடியுமா? "ரொம்ப சந்தோஷமுங்க" என்று இளித்துக்கொண்டே வாங்கி ஃபிரிட்ஜில் வைத்தேன். அவர் சாயங்காலமே ஊர் திரும்பிவிட்டார்.

மறுநாள் காலை, எப்படிப் போடுவது என்று கேட்கலாமென்று எங்கள் தெரு மருந்துக்கடைக்கு எடுத்துப்போனேன். கடையிலிருந்த பெண் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். லேபிளின் ஓரத்தை நகத்தால் கிளப்பினாள். அடியில் இன்னொரு லேபிள்!

"அக்கா, இது சர்க்கரைக்காரங்க போடுற இன்சுலினுங்க. மேல வேற பேரை ஒட்டிப்போட்டாங்க. சர்க்கரை நோய் இல்லாதவங்க போட்டா ஒடம்புல சர்க்கரை ஒரேயடியா எறங்கி உசுருக்கே ஆபத்துங்க."

உடனே சம்பந்தியம்மாவுக்குப் போன் போட்டேன்.

"ஊசி போட்டுட்டீங்களா?"

"போட்டு அரை மணி நேரமாச்சுங்க. ஏனுங்க? கொஞ்சம் வேர்க்குது..."

"அது போலிங்க! சர்க்கரையைக் கரைச்சுக் குடிங்க!"

"இளைக்கறதுக்குத்தானுங்களே போட்டேன், சர்க்கரை எதுக்குங்க?"

"வாயை மூடிட்டுக் குடிங்க!" என்று கத்தினேன். போனை அங்கே இருந்த என் மகளிடம் கொடுக்கச் சொல்லி, ஊசியோடு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகச் சொன்னேன். சம்பந்தியிடம் அப்படிக் கத்தினால் எங்கள் பக்கம் உறவே முறிந்துபோகும். போனால் போகட்டும், ஆள் இருந்தால் போதும் என்றிருந்தது.

கோபிக்குப் பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது அவருக்குக் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. அப்போதுதான் கண் விழித்திருந்தார்! மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் கேட்கிற நிலையில் இல்லை.

"இன்னும் மூணு பேருக்குக் குடுத்திருக்கேனுங்க. எனக்குக் கை நடுங்குது, நீங்க போனைப் புடிங்க."

ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் போனை அவர் காதில் வைத்தேன். "அந்த ஊசியப் போடாதீங்க. தப்பு என்னுதுங்க" என்று மூன்று பேரிடமும் சொன்னார். எங்கள் உறவுமுறையில் யாரும் சுலபத்தில் சொல்லாத வார்த்தை அது.

"யாருமே போட்டுக்கலீங்க" என்று சிரித்தவர், என் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதார். நானும் அழுதேன்.