மாமா பேரில் ஒரு ஃபைலும் இல்லை

என் மாமா காரைக்குடி பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச் சந்தில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தார். கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எல்லாம் அங்கே கிடைக்கும். மூன்று கம்ப்யூட்டர்கள், மூன்றையும் இணைத்து ஒரு நீல வயர். அந்த வயரை யாரும் மிதிக்கக் கூடாது என்பதற்காகக் கடைக்குள் செருப்பையே தடை செய்திருந்தார் மாமா.

நான் மூன்றாம் வகுப்பு முடித்த கோடையில் மாமா ஒரு சாஃப்ட்வேர் கண்டுபிடித்தார். கண்டுபிடித்ததாகச் சொன்னது அவர்தான். ஆனால் இன்று கிட்டத்தட்ட அதே வேலையை ஒரு பெரிய அலுவலகத்தில் பலரோடு சேர்ந்து செய்துகொண்டிருப்பவள் என்ற முறையில், அதை மறுக்க எனக்கு வாய் வராது. அதற்கு முன்பெல்லாம் ஒரு பழைய ஃபைல் வேண்டுமென்றால் மூன்று கம்ப்யூட்டரிலும் ஒவ்வொரு ஃபோல்டராகத் திறந்து பார்க்க வேண்டும். வாடிக்கையாளர் இரண்டு டீ குடித்துவிடுவார். மாமாவின் சாஃப்ட்வேர் தினமும் காலையில் நீல வயர் வழியாக மூன்றுக்கும் போய், இருக்கிற ஃபைல் பெயர்களையெல்லாம் திரட்டி, அகர வரிசையில் அடுக்கி, எது எங்கே இருக்கிறதென்று ஒரே பட்டியலாக எழுதிவைத்துக்கொள்ளும். தேடும்போது அந்தப் பட்டியலின் நடுவைப் பார்க்கும். நாம் கேட்ட பெயர் அதற்கு முன்னாலா பின்னாலா என்று பார்த்து, வேண்டாத பாதியைத் தள்ளிவிடும். மிச்சத்திலும் பாதியைத் தள்ளும். மாமா இதை டெலிபோன் டைரக்டரியை நடுவில் பிரித்துக் காட்டி எல்லோருக்கும் விளக்குவார். ஒரு பக்கம் ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்கள்கூடத் தப்பியதில்லை.

வயரும் ரிப்பேரும் மாமா பொறுப்பு. டைப் அடிப்பது, போட்டோ எடுப்பது, ஃபைலுக்குப் பெயர் வைத்துச் சேமிப்பது எல்லாம் அத்தை. அத்தைக்கு அதில் ஒரு சிக்கல் இருந்தது. மாமாவுடைய பெயர் முருகன் பெயர்களில் ஒன்று. எங்கள் பக்கம் கல்லெறிந்தால் அந்தப் பெயருள்ள ஒருவர் மேல்தான் விழும். புருசன் பேரை அத்தை வாயால் சொல்ல மாட்டாள், விரலாலும் அடிக்க மாட்டாள். பத்திரிகையில் அந்தப் பெயர் வரும் இடத்தில் நாலு புள்ளி வைத்துவிட்டு, "ஏத்தா, இந்த எடத்துல ஒங்க மாமா பேரப் போடு" என்று என்னைக் கூப்பிடுவாள். நான் ஒற்றை விரலால் அடித்துக் கொடுப்பேன். அத்தைக்காக நானும் இங்கே அந்தப் பெயரை எழுதாமல் விடுகிறேன்.

சாஃப்ட்வேர் வந்த பிறகு மாமா சாப்பாட்டையும் கடைக்கே வரவழைத்துக்கொண்டார். வீட்டில் இருந்தாலும் ஒரு நோட்டில் கோடு போட்டுக்கொண்டே இருப்பார். ஒருநாள் அத்தை துணிப்பையோடு வாசலில் நின்று, "எல்லாத்தையும் நொடியில தேடுறீக, வீட்டுல ஒரு ஆளு இருக்கான்னு என்னைக்காவது தேடுனீகளா?" என்று கேட்டாள். மாமா நோட்டிலிருந்து நிமிர்வதற்குள் கல்லல் பஸ் போய்விட்டது. கல்லலில்தான் அத்தையின் அம்மா வீடு. ரெண்டு நாளில் தானாக வந்துவிடுவாள் என்றார் மாமா. நாலு நாள் ஆயிற்று. அந்த நாலு நாளும் அத்தை உட்காரும் இரண்டாவது கம்ப்யூட்டரில் நான்தான் ராணி. காலையிலிருந்து சாயந்திரம் வரை படம் வரைந்துகொண்டிருந்தேன்.

ஐந்தாம் நாள் காலையில் புதுவயல் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். வெறும் நெற்றி. புருசன் இறந்து பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. பதினாறாம் நாள் காரியத்துக்குப் படம் வைக்க வேண்டும். வீட்டில் படமே இல்லை. கல்யாணத்தில் எடுத்ததைக் கரையான் தின்றுவிட்டது. ஓட்டுப்போடும் அட்டையில் இருப்பது யாரென்று இறந்தவருக்கே தெரியாதாம். பம்பு செட்டுக்கு மனுக் கொடுக்க இந்தக் கடையில் ஒரு தடவை போட்டோ எடுத்திருக்கிறார். அதில் ஒன்று மனுவோடு போய்விட்டது, மிச்சம் சட்டைப் பையிலேயே இருந்து துவைக்கும்போது கரைந்துவிட்டன. கம்ப்யூட்டரில் அழியாமல் இருக்கும் என்று யாரோ சொன்னதை நம்பி அந்த அம்மா பஸ் ஏறியிருந்தார்.

மாமாவுக்கு இதைவிட நல்ல நாள் வாய்க்குமா? நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, அவர் பெயரென்ன என்று கேட்டார். அந்த அம்மா தலையைக் குனிந்துகொண்டார். பிறகு வெளியே கையைக் காட்டி, "போர்டுல எழுதியிருக்குல்ல தம்பி, அதேதான்" என்றார்.

போர்டில் இருந்தது மாமாவின் பெயர். மாமா சிரித்துக்கொண்டே தன் பெயரை அடித்தார். கண் இமைப்பதற்குள் பதில் வந்தது. கடை போர்டுக்காக மாமாவே செய்த ஃபைல் ஒன்று இருந்தது, வேறு எதுவும் இல்லை. ஆங்கிலத்தில் ழகரத்துக்கு ஆளுக்கொரு எழுத்துப் போடுவார்கள் என்று மாமா எல்லா விதமாகவும் மாற்றிப் போட்டார். ஒவ்வொரு தடவையும் கண் இமைப்பதற்குள் 'இல்லை' என்று வந்தது. ஊரில் பாதிப் பேருக்கு இருக்கும் பெயரில் தன் கடையில் ஒரு வாடிக்கையாளர்கூட இல்லையே என்று மாமாவுக்குச் சந்தேகமே வரவில்லை. வேகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

எப்போது எடுத்தது என்று கேட்டதற்கு, நடவு முடிஞ்ச கையோட என்று அந்த அம்மா சொன்னார். எந்த வருடத்து நடவு என்று அவருக்கு நினைவில்லை. அத்தைக்குப் போன் போட்டுக் கேட்கலாமே என்று நான் சொன்னேன். சாஃப்ட்வேரிலேயே இல்லாதது அவளுக்கு எங்கிருந்து தெரியும் என்று மாமா வெட்டிவிட்டார். பிறகு போட்டோக்களை ஒவ்வொன்றாகத் திறக்க ஆரம்பித்தார். அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் ஒரு முகத்தை நெற்றியிலிருந்து தாடைவரை இறக்கிக் காட்ட அரை நிமிடம் எடுத்துக்கொள்ளும். ஆயிரக்கணக்கில் முகங்கள் இருந்தன, ஒவ்வொன்றையும் அந்த அம்மாவே கூட உட்கார்ந்து பார்த்துச் சொல்ல வேண்டும். பதினாறாம் நாளுக்குள் முடிகிற வேலை இல்லை. மாமாவே அதைச் சொல்லிவிட்டார்.

அந்த அம்மா அழவில்லை. "படம் வைக்காட்டியும் காரியம் நடந்துரும் தம்பி. அவுக மொகந்தான் இப்பவே நழுவுது. கண்ண மூடுனா சட்டதான் தெரியுது, மொகம் வரமாட்டேங்குது" என்று சொல்லிவிட்டு எழுந்து செருப்பைத் தேடினார்.

அந்தப் பெயர்க்காரர்களின் ஃபைல் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். மாமாவிடம் சொல்லக் கூடாது என்று அத்தை என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். சத்தியத்தை மீறினால் கண் போய்விடும் என்றும் நம்பியிருந்தேன். அந்த அம்மா ஒரு செருப்பைப் போட்டுவிட்டார்.

"மாமா, அவுகன்னு போட்டுப் பாருங்க."

மாமாவுக்கு விளங்கவில்லை. நானே எக்கி, ஒற்றை விரலால், ஆங்கில எழுத்தில் 'அவுக' என்று அடித்தேன். கண் இமைப்பதற்குள் ஒரு பட்டியல் வந்து நின்றது. அவுக, அவுக 2, அவுக 3 என்று முப்பத்தேழு வரை இருந்தது.

மாமா முதலாவதைத் திறந்தார். நெற்றி இறங்கியது, மூடிய கண்கள் இறங்கின, பிளந்த வாய் இறங்கியது. அது மாமா. கீபோர்டின் மேல் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார், கையில் அந்த நோட்டு. அத்தை கடைக் கேமராவில் எடுத்தது. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். மாமா சிரிக்கவில்லை. அடுத்ததைத் திறக்க மறந்துபோய் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். வாடிக்கையாளர் காத்திருக்கும்போது இப்படிச் செய்கிறாரே என்று எனக்கே சங்கடமாக இருந்தது.

பிறகு ஒவ்வொன்றாகத் திறந்தார். ஒரு லாரி டிரைவர், ஒரு மாப்பிள்ளை, மில்லில் மூட்டை தூக்குகிற ஒருவர். பத்தொன்பதாவது முகம் பாதி இறங்குவதற்குள், "இவுகதான்" என்று அந்த அம்மா திரையில் கையை வைத்துவிட்டார். திரையைத் தொட யாரையும் விடாத மாமா, அந்த அம்மா கையை எடுக்கும்வரை காத்திருந்தார். பெரிய தாளில் அச்செடுத்து, நனையாமல் இருக்க லேமினேட்டும் போட்டுக் கொடுத்தார். அந்த அம்மா அதைப் பைக்குள் வைக்காமல், முகம் தன் பக்கம் பார்க்கும்படி மடியில் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார்.

சத்தியத்தை மீறிய பாவத்துக்குப் பரிகாரமாக, முப்பத்தேழு ஃபைலுக்கும் நானே சரியான பெயர் போட்டுவிடட்டுமா என்று மாமாவிடம் கேட்டேன்.

"வேணாத்தா. அப்புடியே கெடக்கட்டும்" என்றார்.

முப்பத்தேழையும் மாற்றச் சோம்பல்படுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். அன்று மத்தியானமே கடையைப் பூட்டி, என்னைப் பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரரிடம் விட்டுவிட்டு, மாமா கல்லல் பஸ்ஸில் ஏறினார். நோட்டை எடுத்துக்கொள்ள மறந்துவிட்டார். நான் கத்தினேன், அவர் திரும்பவில்லை. அத்தை வேறு எந்தெந்தப் பெயரை எப்படி மாற்றிவைத்திருக்கிறாள் என்று விசாரிக்கத்தான் போகிறார், இன்றைக்கு அத்தைக்குத் திட்டு விழப்போகிறது, எல்லாம் என்னால்தான் என்று பயந்துகொண்டிருந்தேன்.

சாயந்திர பஸ்ஸில் அத்தையும் கூடவே இறங்கினாள். துணிப்பை மாமா கையில் இருந்தது. இரண்டாவது கம்ப்யூட்டர் என் கையை விட்டுப் போயிற்றே என்று எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.