வெறும் வயிற்றில் துடுப்பு

படகுக் கொட்டகையில் அவளுக்கு 'மோட்டார்' என்று பெயர். களைப்பே தெரியாமல் துடுப்பு வலிப்பாள். விடிகாலையில் ஆற்றில் பயிற்சி, அப்புறம் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் வேலை. இருவர் படகில் அவள் முதுகைப் பார்த்தபடி பின்னால் உட்கார்ந்து வலிப்பவள் அவளுடைய நாத்தனார்.

கணவன் மாரடைப்பில் போன பிறகும் அவள் பயிற்சிக்கு வராமல் இருக்கவில்லை. கல்நெஞ்சுக்காரி என்று சொந்தக்காரர்களே பேசிக்கொண்டார்கள். அவள் காலையில் சாப்பிடுவதை விட்டுவிட்டது யாருக்கும் தெரியாது. ரொட்டி வாட்டி, வாழைப்பழம் நறுக்கி வைப்பது அவன் வேலையாக இருந்தது. அடுப்படியில் நின்றபடியே இருவரும் சாப்பிடுவார்கள். இப்போது அங்கே தனியாக நிற்க முடியவில்லை. தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவாள்.

சின்னத் தூரங்களில் ஒன்றும் தெரியவில்லை. நெடுந்தூரப் பந்தயத்தில் பாதி தாண்டியதும் அவள் தோள்கள் தொங்கின. துடுப்பு தண்ணீரைத் தடவியதே தவிர இழுக்கவில்லை. நாத்தனார் கூப்பிட்டதற்குக் குழறலாக ஏதோ பதில் வந்தது. படகை நிறுத்திவிட்டார்கள். பந்தயப் பாதுகாப்புப் படகில் வந்தவர் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தார்.

கரையில் பயிற்சியாளர் காலையில் என்ன சாப்பிட்டாள் என்று விசாரித்தார். வழக்கம்போல்தான் என்றாள். அவர் அதை நம்பவில்லை, ஆனாலும் கோபப்படவில்லை. ராத்திரி முழுக்கப் பட்டினி கிடந்த உடம்பில் மாவுச்சத்து குறைந்திருக்கும், இவ்வளவு தூரத்துக்கு அது தாங்காது, இரண்டு மூன்று மணி நேரம் முன்னாலேயே ரொட்டியோ உருளைக்கிழங்கோ உள்ளே போயிருக்க வேண்டும் என்று பொறுமையாகச் சொன்னார். பக்கத்தில் நின்ற நாத்தனாரும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அடுத்த பயிற்சி நாளில், பொழுது விடியுமுன்பே நாத்தனார் வந்து கதவைத் தட்டினாள். தானே ரொட்டி வாட்டி இரண்டு தட்டில் வைத்தாள்.

"எனக்கு வேண்டாம், நீ சாப்பிடு."

"அவன் எனக்கு அண்ணன்தானே அண்ணி. எனக்கும்தான் தொண்டையில இறங்கல."

"அப்புறம் எப்படிச் சாப்பிடுற?"

"அழுதுக்கிட்டேதான்."

அவன் போன பிறகு அன்றைக்குத்தான் அவள் வாய்விட்டு அழுதாள். பாதித் துண்டு ரொட்டி உள்ளே போயிற்று. நாத்தனார் தினமும் வந்தாள். முழுத் துண்டு இறங்கவே பல வாரம் ஆயிற்று.

அடுத்த நெடுந்தூரப் பந்தயத்தில் நான்காவதாக வந்தார்கள். பதக்கம் இல்லை. ஆனால் நடுவில் எங்கும் நிற்கவில்லை. கரையேறியதும், சாப்பிட ஏதாவது இருக்கிறதா என்று அவளாகவே கேட்டாள். நாத்தனார் பையில் ஒன்றும் இல்லை. இருவரும் படகைத் தோளில் ஏற்றிக்கொண்டு கொட்டகையைப் பார்த்து நடந்தார்கள்.