ஏழு விதிகளும் என் இடது காலும்

2025 அக்டோபர் 12, ஞாயிற்றுக்கிழமை. பகல் 11.52 மணி. காலையிலிருந்து விடாத தூறல். இடம், அரூரிலிருந்து ஏறிப்போகும் சித்தேரி மலையில், வண்டிச் சாலை முடிந்த பிறகும் இரண்டு கிலோமீட்டர் நடக்கவேண்டிய ஒரு சிற்றூர்.

எனக்கு வயது 71. தபால் துறையில் 36 ஆண்டுகள் வேலை பார்த்தவன். மலை ஊர்களில் முதலுதவி சொல்லிக்கொடுக்கும் தன்னார்வக் குழுவில் வருகைப் பதிவேடு எழுதச் சேர்ந்தேன். ஆள் போதாமல் பாடமும் எடுக்கத் தொடங்கினேன். அன்றைய பாடம் பாம்புக்கடி. கடிபட்டால் செய்யக்கூடாதவை ஏழு என்று எண்ணி வைத்திருந்தேன். நடக்கக் கூடாது, இறுக்கிக் கட்டக் கூடாது, கீறக் கூடாது என்று போய், வேப்பிலை தின்னக் கூடாது என்பதில் முடியும். இலை கசந்தால் விஷமில்லை என்று நம்பிக் காத்திருந்தே நேரத்தைக் கோட்டை விடுபவர்கள் உண்டு.

பெயர் கொடுத்த 20 பேரில் வந்தது 17 பேர். சாமை அறுவடை நேரம் என்று தெரியும்; ஆனாலும் மூன்று பேர் குறைந்தது எனக்கு எரிச்சல். முன்வரிசையில் ஒரு பெண் சிரித்துக்கொண்டே இருந்தார். எழுப்பி ஏழையும் ஒப்பிக்கச் சொன்னேன். ஆறு சொன்னார், கடைசியை விட்டுவிட்டார். எல்லார் முன்னாலும் கடிந்துகொண்டேன்.

வகுப்பு முடிந்து, விறகுக் குவியலில் சாய்த்து வைத்திருந்த குடையை எடுக்கப் போனேன். இடது கணுக்காலில் முள் ஏறியதுபோல் சுருக்கென்றது. குனிந்து பார்த்தால், விறகுக்குள் ஒரு வால் நுழைந்து மறைகிறது.

ஓடினேன். எத்தனை அடி என்று தெரியாது. பிறகு தோள் துண்டை உருவி முழங்காலுக்குக் கீழே இறுக்கிக் கட்டினேன். அதோடு நிற்கவில்லை. சொல்லவே கூச்சமாக இருக்கிறது, "யாராவது வேப்பிலை கொண்டாங்க" என்று கத்தினேன்.

அந்தப் பெண்தான் முதலில் ஓடிவந்தார். தோளை அழுத்தி உட்காரவைத்தார்.

"அசையாதீங்க சார். வேப்பிலையா? நான் சொல்லாம விட்டு உங்ககிட்ட ஏச்சு வாங்குனது அதுதானுங்களே!"

பேசிக்கொண்டே துண்டை அவிழ்த்தார்.

"அவுக்காதம்மா, விஷம் ஏறிரும்!"

"இப்பத்தானுங்க கட்டுனீங்க, ஒண்ணும் ஆவாது. கட்டுனா காலே போயிரும்னு படம் காட்டுனது யாருங்க?"

மணி கேட்டார். கையில் கடிகாரம் இருந்தும் எனக்கு முள் எதுவும் விளங்கவில்லை. என் கையைத் திருப்பி அவரே பார்த்து, என் சட்டைப்பைப் பேனாவால் கடிபட்ட நேரம் 11.52 என்று காலில் எழுதினார். செருப்பைக் கழற்றினார். காலின் இரு பக்கமும் மூங்கில் தப்பை வைத்து, என் துண்டையே கிழித்து, அசையாமல் இருக்கும் அளவுக்கு மட்டும் தளர்வாகக் கட்டினார். இதற்குள் ஒருவர் சிக்னல் கிடைக்கும் பாறைக்கு ஓடி 108-ஐ அழைத்துவிட்டார்.

அந்தப் பெண் வீட்டுக் கம்பளியை மூங்கிலில் தூளியாகக் கட்டி, நான்கு பேர் மாற்றி மாற்றித் தூக்கினார்கள். "பொழைப்பனா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தேன்.

"பேசாம வாங்க பெரியவரே," என்றார் முன்னால் சுமந்தவர். "டேய், தபாலாபீசு பார்சலு, ஒடையாம சேக்கணும்!"

நான்கு பேரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

மருத்துவமனையில் ரத்தத்தைக் குழாயில் பிடித்து, உறைகிறதா என்று 20 நிமிடம் வைத்துப் பார்த்தார்கள். உறைந்தது. ஒரு நாள் முழுக்கக் கவனித்த பிறகு, விஷம் ஏறவில்லை என்று அனுப்பினார்கள். வைத்தியம் இலவசம்.

இரண்டு வாரம் கழித்து மலையேறி, நான்கு பேருக்கும் அரைநாள் கூலியை நீட்டினேன். "பாடம் சொன்னதுக்கு நீங்க கூலி வாங்குனீங்களா?" என்று திருப்பிவிட்டார்கள். மூங்கில் கணுவில் மாட்டிக் கிழிந்துபோன கம்பளிக்குப் பதில் புதியதை மட்டும் அந்தப் பெண் வாங்கிக்கொண்டார்.

ஏழும் எனக்கு மனப்பாடம். பயந்த ஒரே நிமிடத்தில் இரண்டை மீறி, மூன்றாவதை மீறவும் இலை கேட்டேன். இப்போது வகுப்பில் யாரையும் எழுப்பி ஒப்பிக்கச் சொல்வதில்லை. ஒருவரைப் படுக்கவைத்து, மற்றவர்களைக் கட்டித் தூக்கச் சொல்கிறேன். கம்பளி 450, துண்டு 120, பேருந்து 64: சொல்லத் தெரிவது வேறு, செய்யத் தெரிவது வேறு என்று 71 வயதில் கற்றுக்கொள்ள எனக்கு ஆனது மொத்தம் 634 ரூபாய்.