இலையை மாற்றிக்கொண்ட டாக்டர்

கோர்ட்டில் எதிர்த்தரப்புச் சாட்சியை நான் குறுக்கு விசாரணை செய்துகொண்டிருந்தபோது என் குமாஸ்தா பின்னால் வந்து நின்றார். "சார், ஞானப்பிரகாசம் டாக்டரு தவறிட்டாராம். பெரம்பலூர் பஸ்ல வந்தவங்க சொன்னாங்க" என்று காதோடு சொன்னார். நான் சாட்சியிடம் முன்பு கேட்ட கேள்வியையே மறுபடியும் கேட்டேன். "அதான் இப்பச் சொன்னேனுங்களே" என்றார் அவர். முன்சீப் என் முகத்தைப் பார்த்துவிட்டு வழக்கை ஒத்திவைத்தார். வெளியே வந்தவனுக்கு உட்காரப் பிடிக்கவில்லை. பஸ் நிற்கும் இடம்வரை நடந்தேன், திரும்பினேன், மறுபடியும் நடந்தேன்.

அரியலூர் ஆஸ்பத்திரியில் அவரிடம் ஊசி போட்டுக்கொண்டு அவரைத் திட்டியவர்கள் நம்மில் நிறையப் பேர். காய்ச்சலுக்குக் கசப்பு மருந்தும் அதைவிடக் கசப்பான பேச்சும் கொடுப்பார் என்று நாம் கேலி செய்ததுண்டு. ஆனால் மனம் கலங்கியவர்களை அவர் எப்படிப் பார்த்தார் என்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்காது. வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் நாம் வெளியே சொல்வதில்லை. நானும் சொன்னதில்லை. இன்று சொல்கிறேன்.

அப்படிப்பட்டவர்களை அவர் நாற்காலியில் உட்காரவைத்துப் பேசவே மாட்டார். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருந்த புளியமரங்களுக்கு அடியில் அவர்களோடு நடந்துகொண்டே பேசுவார். "எதிர்ல உட்கார வச்சுக் கேட்டா போலீஸ்காரன் கேக்குற மாதிரி இருக்கும் சார். கூட நடந்தா அவனாப் பேசுவான்" என்பார். அவருக்கே இயல்பில் உட்காரத் தெரியாது. சட்டைப் பையில் இருக்கும் பேனாவை எடுத்துத் திறப்பதும் மூடுவதுமாக இருப்பார்.

ஒருமுறை ஏரிக்கரை முனி தன்னை அடித்துவிட்டது என்று பிதற்றிய ஒருவரைக் கூட்டி வந்திருந்தார்கள். "இது பைத்தியம்தானே டாக்டர்?" என்று சிரித்தேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "ஊரே நம்புறத இவனும் நம்புறான். அது எப்படிங்க நோயாகும்? ஊர்ல ஒருத்தரும் நம்பாதத ஒருத்தன் மட்டும் நம்பணும். எப்படித் தெரியும்னு கேட்டா காரணம் பொருந்தாம இருக்கணும். ஒருவேளை அப்படி இல்லையோன்னு ஒரு துளி சந்தேகம்கூட அவனுக்கு வரக் கூடாது. அப்பத்தான் எனக்குக் கவலை" என்றார். முனி அடித்தவருக்கு மலைக்காய்ச்சல். மருந்து கொடுத்ததும் எழுந்து போய்விட்டார்.

யுத்தக் காலத்தில் அந்தக் கவலை என் வீட்டுக்கே வந்தது. என் தம்பி தங்கராசு திருமானூரில் எங்கள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு அம்மாவோடு இருந்தான். தா.பழூரிலிருந்து பெண் எடுத்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. திடீரென்று பேச்சைக் குறைத்துக்கொண்டான். இரவெல்லாம் களத்தில் உலாவினான். பிறகு ஒருநாள், மனைவி செல்லம்மா தன் சோற்றில் மருந்து வைக்கிறாள் என்று சொல்ல ஆரம்பித்தான். சில நாள் கழித்துச் சோறு கசக்கிறது, குமட்டுகிறது என்றும் சொன்னான். நம் பக்கத்தில் இந்தச் சொல்லுக்கு என்ன பலம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. புருஷனை மயக்கவோ கெடுக்கவோ மருந்து வைத்தவள் என்று பெயர் எடுத்த பெண் எந்த வீட்டிலும் வாழ முடியாது.

அறுப்பு முடிந்ததும் பங்காளிகள் கூடி முடிவு செய்வதாகப் பேச்சு. தம்பி சொல்வது உண்மையென்றால் செல்லம்மாவைத் தா.பழூருக்கு அனுப்பிவிட வேண்டும். பொய்யென்றால் தம்பியைப் பட்டணத்துப் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு அனுப்ப டாக்டரிடம் சர்டிபிகேட் வாங்க வேண்டும். இருவரில் ஒருவர் வீட்டை விட்டுப் போயாக வேண்டும். நான் டாக்டரிடம் ஓடினேன்.

"உண்மையா, பைத்தியமா? ஒரே வார்த்தையில சொல்லுங்க" என்றேன். வக்கீல் புத்தி.

"சோத்துல என்ன இருக்குன்னு யாராவது பார்த்தீங்களா?" என்று கேட்டார்.

எனக்குச் சுருக்கென்றது. ஒருவரும் பார்க்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கரிப் புகை கக்கும் பஸ்ஸில் இருவரும் திருமானூர் போனோம். வழியெல்லாம் நான் புலம்பிக்கொண்டு வந்தேன். வீட்டில் தம்பியோடு வயல்பக்கம் நடந்துவிட்டு வந்தார். சாப்பிட உட்கார்ந்தோம். அம்மா பரிமாறி முடித்தார். தம்பி இலையைத் தொடாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். டாக்டர் தன் இலையை அவன் முன்னால் தள்ளிவிட்டு, அவன் இலையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். ரசம் சோற்றைப் பிசைந்து வாயருகே கொண்டுபோனார்.

"ஐயையோ, அதச் சாப்பிடாதீங்கய்யா!" என்று கத்திக்கொண்டு அம்மா அவர் கையைப் பிடித்துவிட்டார்.

செல்லம்மா அடுப்படி வாசலில் சிலையாக நின்றாள். அம்மா தரையில் உட்கார்ந்து அழுதார். தம்பி சொன்னதை அவர் நம்பிவிட்டிருந்தார். மருமகள் வைத்த மருந்தை எடுப்பதற்காக, ஆற்றோரத்தில் மருந்து எடுக்கிற ஒருவரிடம் போய் வேர்ப்பொடி வாங்கி வந்து மகனின் ரசத்தில் கலந்துகொண்டிருந்தார். உள்ளே இருப்பதை வாந்தியாக வெளியே தள்ளும் பொடி. சாப்பிடுகிறவனுக்குத் தெரிந்தால் பலிக்காது என்று பொடி கொடுத்தவர் சொல்லி அனுப்பியிருக்கிறார். "எம்புள்ள பொழைக்கணும்னுதானே செஞ்சேன்" என்று தலையில் அடித்துக்கொண்டார். தம்பிக்குக் கசந்ததும் உண்மை, குமட்டியதும் உண்மை.

நான் துள்ளி எழுந்தேன். "அப்போ என் தம்பிக்கு ஒண்ணும் இல்ல! அவன் சொன்னது நிஜம்!" வழக்கில் ஜெயித்த சந்தோஷம் எனக்கு.

"உட்காருங்க வக்கீல் சார். இன்னும் முடியல" என்றார் டாக்டர். தம்பியின் பக்கம் திரும்பினார். "தம்பி, சோத்துல பொடி இருந்தது நிஜம். நீ சொன்னது சரி. போட்டது உங்க அம்மா, உனக்கு நல்லதுன்னு நெனச்சு. கசக்குறதுக்கு முன்னாலயே உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"பஸ்காரன் ஹாரன் அடிப்பான்ல, அப்ப" என்றான் தங்கராசு.

"அடிச்சா?"

"சட்டியில போட்டாச்சுன்னு அர்த்தம். அம்மா கையில குடுத்ததும் அவங்கதான்."

"ரோட்டுல மாடு நின்னிருக்கும். அதுக்கு அடிச்சிருக்கலாம் இல்லையா?"

தம்பி அவரைப் பரிதாபமாகப் பார்த்தான். "மாட்ட நிறுத்துறதே அவங்கதாங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த நொடியே அது நின்றுவிட்டது. ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது என்று சொல்கிறவனைப் போல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னான். டாக்டர் பேனாவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

பொடியை நிறுத்தச் சொன்னார். இனிமேல் செல்லம்மா சமைக்கட்டும், தம்பி பக்கத்தில் இருந்து பார்க்கட்டும், எல்லோரும் ஒரே சட்டியில் சாப்பிடுங்கள் என்றார். "நெசத்த எடுத்துட்டுப் பார்ப்போம். அப்புறமும் மிச்சம் நிக்குதே, அதுதான் நோய்" என்று திரும்பும் வழியில் சொன்னார். மிச்சம் நின்றது. குமட்டல் போயிற்று, ஹாரன் போகவில்லை.

ஆனாலும் அவர் சர்டிபிகேட் எழுத மறுத்துவிட்டார். பங்காளிகளுக்கும் அவருக்கும் பெரிய வாக்குவாதம். "இப்பத்தான் ஆரம்பிச்சிருக்கு. உழுறான், தண்ணி பாய்ச்சுறான், யாரையும் அடிக்கல. நோய் ஒரு மூலையில இருக்கு, நீங்க ஆளையே கழிச்சுக் கட்டப் பார்க்கிறீங்க" என்று கத்தினார். செல்லம்மா மேல் குற்றம் இல்லை என்று அம்மாவையே அத்தனை பேர் முன்னால் சொல்லவைத்தார். செல்லம்மா போகவில்லை. தம்பியும் போகவில்லை.

அதற்குப் பிறகு மாதந்தோறும் தம்பியை அழைத்துப் போவேன். புளியமரத்தடியில் இருவரும் நடப்பார்கள். டாக்டர் ஒருபோதும் அவனோடு வாதாடியதில்லை, ஆமாம் போட்டதும் இல்லை. கடைசியில் ஒரே கேள்வியைக் கேட்பார்: "உனக்கு எப்படித் தெரியும்?" தம்பி ஒவ்வொரு முறையும் தயங்காமல் பதில் சொல்வான். பிறகு அவர் என் பக்கம் வந்து உதட்டைப் பிதுக்குவார். அவர் பெரம்பலூருக்கு மாற்றலாகிப் போன பிறகும் இது நடந்தது. "நான் அன்னைக்கு எழுதிக் குடுத்திருக்கணுமோ? பட்டணத்துல ஏதாவது வழி இருந்திருக்குமோ?" என்று என்னிடமே கேட்டிருக்கிறார். அவருக்குத் தூக்கம் வராத இரவுகளில் என் தம்பியும் இருந்தான் என்பது எனக்குத் தெரியும். அந்த மனுஷனை நான் மிகவும் நேசித்தேன். அவரிடம் ஒருநாளும் அதைச் சொன்னதில்லை.

அடக்கம் முடிந்த மறுநாள் திருமானூர் போனேன். தங்கராசு வாய்க்காலில் மடை திருப்பிக்கொண்டிருந்தான். செல்லம்மா கரையில் கஞ்சித் தூக்கோடு நின்றாள். டாக்டர் தவறிவிட்டார் என்று சொன்னேன். மண்வெட்டியைக் கீழே வைத்தான்.

"அவருக்கும் வச்சுட்டாங்களா?" என்றான்.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. மாரடைப்புடா, முட்டாளே என்று கத்த வாய் திறந்தேன். எப்படியோ அடக்கிக்கொண்டு, "உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

சாலையைப் பார்த்தான். செல்லம்மாவைப் பார்த்தான். கையிலிருந்த சேற்றை வேட்டியில் துடைத்துக்கொண்டான்.

"தெரியலண்ணே" என்றான்.

இத்தனை வருஷத்தில் அவன் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததில்லை. செல்லம்மா தூக்கை அப்படியே கரையில் வைத்துவிட்டாள். நாளைக்கே அவன் பழைய பதிலைச் சொல்லலாம். சந்தேகம் வந்ததாலேயே நோய் போய்விடும் என்று டாக்டர் என்னிடம் சொன்னதும் இல்லை. அவர் எனக்கு விட்டுப்போனது அந்தக் கேள்வி ஒன்றுதான். அதை மாதந்தோறும் கேட்கிற வேலை இனி என்னுடையது.

ஆனால் அந்த நிமிஷத்தில் இதெல்லாம் எனக்குத் தோன்றவில்லை. செருப்பைக்கூட மாட்டாமல் வரப்பில் வேகமாக நடந்தேன். "எங்கண்ணே போற?" என்று தம்பி பின்னாலிருந்து கூப்பிட்டான்.

"பெரம்பலூருக்குடா, டாக்டர்கிட்ட சொல்லணும்" என்றேன்.